மாரத்தான் ஞாயிறன்று சிங்கப்பூரைச் சுற்றுவது எப்படி

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், ஒரு டிசம்பர் ஞாயிறு காலை எஸ்பிளனேட் அரங்கு வாசலில் நண்பரைச் சந்திக்கக் கிளம்பினேன். பஸ் வழக்கமான நிறுத்தத்துக்குப் போகாமல் எங்கோ திரும்பி, எனக்குத் தெரியாத ஒரு தெருவில் இறக்கிவிட்டது. விசாரித்துக்கொண்டே நடந்து போர் நினைவுப் பூங்கா வரைக்கும் வந்துவிட்டேன். எதிரே, இரண்டு டுரியான் பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல எஸ்பிளனேட் தெரிகிறது. நடுவில் ஒரே ஒரு சாலைதான். ஆனால் அந்தச் சாலை நிறைய ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், ஓரம் முழுக்கத் தடுப்புக் கம்பி. எப்போதாவது ஒரு இடைவெளி கிடைக்கும், குடுகுடுவென்று ஓடிவிடலாம் என்று இருபது நிமிடம் நின்றேன். பக்கத்தில் துடைப்பமும் கையுமாக நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "அந்தப் பக்கம் போகணுமா தம்பி? மேல நின்னு என்ன பண்றீங்க, பின்னால சிட்டி ஹால் ஸ்டேஷன் இருக்கு பாருங்க, அதுல எறங்கி உள்ளுக்குள்ளயே நடங்க" என்றார். இறங்கினால் குளுகுளுவென்று ஒரு நீளமான கடைவீதி. பத்து நிமிடத்தில் எஸ்பிளனேட் வாசலில் ஏறி நின்றேன்.

அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் டிசம்பரில் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மாரத்தான் அன்று இந்த ஊரின் மேல்மாடிதான் அடைத்திருக்கும், கீழ்த்தளம் திறந்தே இருக்கும். ரயிலை நம்புங்கள், காரை மறந்துவிடுங்கள். மிச்சமெல்லாம் விவரம்தான், அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, தேதியும் வரைபடமும்

சிங்கப்பூர் மாரத்தான் பெரும்பாலும் டிசம்பர் முதல் வார இறுதியை ஒட்டி வரும். சின்னத் தூர ஓட்டங்களை ஒரு நாளும் 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்தை இன்னொரு நாளும் வைப்பது வழக்கம் என்பதால், ஞாயிறு மட்டும்தான் தொந்தரவு என்று நினைத்துவிட வேண்டாம். சனிக்கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் இந்த ஓட்டத்தையே சாயங்காலத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஆகவே போன வருஷம் வந்துபோன மச்சான் சொன்ன நேரத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

ஓட்டத்தின் இணையதளத்தில் சாலை மூடல் பட்டியல் வரைபடத்தோடு வெளியாகும். அதைக் கைப்பேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது ஓடும் பாதையை விட்டுவிட்டு, எந்தச் சாலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை மூடல் என்ற நேரத்தைப் பாருங்கள், நமக்கு வேண்டியது அதுதான். பாதை வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆனால் மரினா பே விரிகுடாவின் சுற்றுவட்டாரம் மாறாது: நிக்கல் நெடுஞ்சாலை, ரிபப்ளிக் புலவார்ட், ராஃபிள்ஸ் அவென்யூ, எஸ்பிளனேட் டிரைவ், பாடாங் திடலை ஒட்டிய சாலைகள், அப்புறம் கிழக்கே ஈஸ்ட் கோஸ்ட் பார்க் பக்கம். இவற்றை ஒரு கோடாக இணைத்துப் பார்த்தால் விரிகுடாவைச் சுற்றி ஒரு வளையம் கிடைக்கும். அன்று காலை அந்த வளையத்துக்கு உள்ளே இருப்பதெல்லாம் ஒரு தீவு மாதிரி. நீங்கள் தங்கும் ஓட்டல் அந்த வளையத்துக்கு உள்ளேயா வெளியேயா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னும் அறை போடவில்லை என்றால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் போடுங்கள். நம் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பகுதி வளையத்துக்கு வெளியே, ஆனால் வளையத்துக்கு ரொம்பப் பக்கத்தில். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை, டவுன்டவுன் பாதை என இரண்டு ரயில் பாதைகள் சேருகின்றன. டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட், அதற்கடுத்து பேஃபிரண்ட். நான்காவது நிறுத்தத்தில் மரினா பே சேண்ட்ஸ் கட்டடத்துக்கு அடியில் இறங்கிவிடலாம். மேலே எத்தனை ஆயிரம் பேர் ஓடினாலும் இந்த ரயிலுக்கு ஒன்றும் ஆகாது.

மரினா பேயில் ஓட்டலுக்கு முன்பணம் கட்டிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். முதல் நாள் இரவே வரவேற்பு மேசையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளைக்குக் காலையில் டாக்சி எந்த வாசலுக்கு வரும், எத்தனை மணியிலிருந்து வரும்?" பொதுவாக "ரோடு குளோஸா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

முந்தின நாள் கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு கார்டு. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது என்பது நம் ஆட்களுக்கு ரயில் கதவு முன்னால் வந்துதான் தெரியும், அப்போது பின்னால் இருபது பேர் நிற்பார்கள். உங்கள் ஊர் வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு தொடாமல் பணம் கட்டும் வகையாக இருந்தால் அதையே தட்டலாம். வெளிநாட்டு கார்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாளுக்கு அது பரவாயில்லை, ஒரு வாரம் தங்குகிறவர்கள் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஈசிலிங்க் கார்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒருமுறைப் பயணச் சீட்டு 2022-லேயே நின்றுவிட்டது, அதைத் தேடி இயந்திரத்துக்கு முன்னால் நிற்காதீர்கள். ஏறும்போது எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். கைப்பேசியில் உள்ள கார்டும் பர்ஸில் உள்ள கார்டும் ஒரே வங்கிக் கணக்குதான் என்றாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, பெரியவர்களுக்கு ஒரு பயணம் சுமாராக ஒன்றேகால் வெள்ளியிலிருந்து இரண்டரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். இங்கே டாலரை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், கடையில் "அஞ்சு வெள்ளி" என்றால் முழிக்காதீர்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குப் பெரியவரோடு வந்தால் கட்டணமே கிடையாது.

பஸ்ஸில் காசு போட்டும் போகலாம், ஆனால் சரியான சில்லறை வேண்டும், மீதி தர மாட்டார்கள்.

குடை கட்டாயம். டிசம்பர் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம், காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு மத்தியானம் கொட்டும். தண்ணீர் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆனால் ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் குடிக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. 500 வெள்ளி வரைக்கும் அபராதம். வெயிலில் நடந்து வந்த வேகத்தில் பிளாட்பாரத்தில் நின்று மடமடவென்று குடிக்கத் தோன்றும், வெளியிலேயே குடித்துவிட்டு இறங்குங்கள்.

ஓடப்போகிறவரா? முதல் ரயிலை நம்பாதீர்கள்

குடும்பத்தோடு வந்து நீங்கள் மட்டும் ஓடுவதாக இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு. முழு மாரத்தான் விடிகாலை 4.30 மணியளவில் தொடங்குவதுதான் அண்மைக் கால வழக்கம். எம்ஆர்டி ரயில் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி சுமாருக்குத்தான் ஓடத் தொடங்கும். இந்த ஒன்றரை மணி நேர இடைவெளியில்தான் ஒவ்வொரு வருஷமும் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் ஷட்டில் பஸ் விட்டால் பதிவு செய்யும்போதே அதற்கும் சேர்த்து இடம் பிடித்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் நிரம்பிவிடும்.

டாக்சி என்றால் நள்ளிரவு முதல் காலை 5.59 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல் கட்டணம். கிராப் போன்ற செயலிகளில் அந்த நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்குக் கேட்பதால் விலை எகிறும். எதில் போனாலும் தொடக்கக் கோட்டின் பெயரைப் போடாதீர்கள், ஓட்டுநரால் அங்கே போக முடியாது. பூகிஸ் மாதிரி வளையத்துக்குச் சற்று வெளியே ஒரு இடத்தைப் போட்டு இறங்கி நடந்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தால் வாகனமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து, ஓட்டம் வழக்கமாகத் தொடங்கும் எஃப் ஒன் கார் பந்தயத்தின் பிட் கட்டடப் பக்கம் சுமார் மூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேர நடை. விடிகாலை மூன்று மணிக்கு நடப்பது இந்த ஊரில் பயமில்லை, வழியெல்லாம் உங்களை மாதிரியே மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். 42 கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் நடப்பதா என்று என் தங்கை வீட்டுக்காரர் கேட்டார். அவர் டாக்சியில் போனார். தடுப்புக்கு முன்னால் இறக்கிவிடப்பட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தார்.

எண் அட்டையும் பையும் அன்று காலையில் தர மாட்டார்கள். முந்தைய நாட்களிலேயே அவர்கள் சொல்லும் கண்காட்சி அரங்குக்குப் போய் வாங்கிவிட வேண்டும். வெள்ளி இரவு வந்திறங்குகிறவர்கள் கடைசி நேரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம்

மாரத்தான் அன்று காலையிலேயே சாங்கியில் இறங்குகிறீர்களா? டாக்சிகள் வழக்கமாகப் பிடிக்கும் ஈசிபி விரைவுச்சாலை நேராக மரினா பக்கம்தான் கொண்டுபோய் விடும். லிட்டில் இந்தியா போகிறவர்கள் ஓட்டுநரிடம் "பிஐஇ வழியாகப் போங்க" என்று சொன்னால் போதும், அது இன்னொரு விரைவுச்சாலை, அவருக்குப் புரியும். ரயிலில் போனால் இன்னும் நிம்மதி, அதில்தான் சூட்சுமம்.

சாங்கி விமான நிலையத்தில் ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். இந்தப் பாதையில் லிட்டில் இந்தியா என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வரைபடத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பாதை பெண்டமீர், ஜாலான் புசார் வந்ததும் தெற்கே இறங்கி, சைனாடவுன், பேஃபிரண்ட் எல்லாம் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறித்தான் லிட்டில் இந்தியா வருகிறது. ஜாலான் புசாரில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தால் இன்னும் பத்து நிறுத்தங்கள், அதுவும் கூட்டம் நெரியும் விரிகுடா நிலையங்கள் வழியாக. பெட்டியோடு ஜாலான் புசாரிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து சிராங்கூன் சாலை பத்து நிமிட நடைதான். என் மாமியாரை இப்படித்தான் கூட்டிவந்தேன். "ரயிலு நம்மூரு டவுன் பஸ்ஸு மாதிரி சுத்திக்கிட்டுல்ல போவுது" என்று சிரித்தார்.

காலை நேரத்தை எங்கே கழிப்பது

ஓடாதவர்கள் செய்கிற பெரிய தப்பு, காலை எட்டு மணிக்கே சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புவது. அது 1972-இல் தண்ணீர் துப்பத் தொடங்கியது, மத்தியானமும் துப்பும். காலையை வளையத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் தேக்கா உணவங்காடி நிலையத்திலோ, 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸிலோ நிதானமாகப் பசியாறுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுதல் என்றுதான் பேர், அந்தச் சொல்லுக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும். கோப்பி கேட்டால் கெட்டிப்பால் ஊற்றி வரும், பால் வேண்டாம் என்றால் கோப்பி ஓ. அப்புறம் வீரமாகாளியம்மன் கோயில், அங்கிருந்து அப்படியே நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில், இரண்டும் ஒரே சாலைதான். மழை வந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, அது 2015-இல் திறந்தது, நம் ஆட்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை உட்கார்ந்து பார்க்கலாம்.

கொஞ்சம் வெளியே போக ஆசைப்பட்டால் இரண்டு யோசனை. ஒன்று தாவரவியல் பூங்கா, லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் பாதையில் எதிர்த்திசையில் மூன்றாவது நிறுத்தம், காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். இன்னொன்று செந்தோசா. வடகிழக்குப் பாதையில் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், அங்கே கடைத்தொகுதிக்கு மேலிருந்து மோனோரயில், அல்லது நடைபாலம். பிள்ளைகள் இருந்தால் நான் செந்தோசாவைத்தான் சொல்வேன், காலை முழுக்க அங்கேயே போய்விடும், நகரத்தில் ஓட்டம் நடப்பதே தெரியாது.

ஆனாலும் விரிகுடாவுக்கே போயாக வேண்டும் என்றால்

போகலாம். காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஓடுகிற ஆளை வரவேற்க வேண்டும், அல்லது மத்தியானமே ஊருக்கு விமானம். இங்கேதான் கீழ்த்தளம் கை கொடுக்கும்.

சிட்டி ஹால் நிலையம்தான் திறவுகோல். பலகையில் தமிழில் நகர மண்டபம் என்று எழுதியிருக்கும், ஆனால் வழி கேட்கும்போது சிட்டி ஹால் என்றே கேளுங்கள், நகர மண்டபம் என்றால் இங்கே பிறந்து வளர்ந்த தமிழரே ஒரு நொடி யோசிப்பார். அங்கே ரயிலை விட்டு இறங்கி வெளிக்கதவைத் தாண்டியதும் சிட்டிலிங்க் என்ற பெயரைப் பின்தொடருங்கள். இது தரைக்கு அடியிலேயே போகும் கடைத்தொகுதி, 2000-இல் திறந்தது. நேராக நடந்தால் கிளைகள் பிரியும்: ஒன்று எஸ்பிளனேட் அரங்குக்கும் மரினா ஸ்குவேருக்கும், இன்னொன்று சன்டெக் சிட்டிக்கு. காலையில் கடைகள் மூடியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு வழியே இல்லையோ என்று திரும்பிவிடாதீர்கள். மேலே போகும் படியைக் கண்டதும் ஏறிப் பார்க்க ஆசை வரும், அதுவும் வேண்டாம். பாதி வழியில் ஏறினால் தடுப்புக் கம்பிக்குத் தப்பான பக்கத்தில் முளைப்பீர்கள், பலகையில் நீங்கள் போக வேண்டிய கட்டடத்தின் பெயர் வரும் வரைக்கும் கீழேயே இருங்கள். நான் இரண்டாவது வருஷம் செய்த தப்பு அது.

எஸ்பிளனேட் பக்கம் ஏறிவிட்டால் தண்ணீர் ஓரமாகவே நடந்து ஜுபிலி பாலத்தைப் பிடிக்கலாம். 2015-இல் திறந்த இது நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம், வாகனப் பாலத்துக்குப் பக்கத்திலேயே போய் மெர்லயன் பூங்காவில் இறக்கிவிடும். இன்னொரு பக்கம், மரினா பே சேண்ட்ஸ் போக ஹீலிக்ஸ் பாலம், 2010-இல் வந்தது, அதுவும் நடப்பவர்களுக்குத்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்திலிருந்து மெர்லயனுக்கு வருகிறவர்கள் ஃபுல்லர்டன் ஓட்டலுக்கும் எதிரே உள்ள ஒன் ஃபுல்லர்டனுக்கும் நடுவில் சாலைக்கு அடியில் போகும் வழியைப் பயன்படுத்துங்கள். கார்டன்ஸ் பை த பே பூந்தோட்டம் மட்டும் போதும் என்றால் பேஃபிரண்ட் நிலையத்தின் பி வாசல், வெயிலே படாமல் கொண்டுபோய் விடும்.

அடியில் வழியே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே தொண்டூழியர்கள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஓடுகிறவர்கள் கூட்டம் குறையும்போது நடப்பவர்களை விடுவார்கள். காத்திருங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டே குறுக்கே இறங்கிவிடாதீர்கள், 30 கிலோமீட்டர் ஓடி வந்தவருக்குச் சட்டென்று நிற்கக் கால் வராது, இரண்டு பேரும் விழுவீர்கள்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரிகுடா வழியாகப் போகும் தடங்கள் அன்று சுற்றிப் போகும், நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், புதியவருக்கு அது தலைசுற்றல். மத்தியானம் வரை ரயில்தான்.

ஓடுகிறவரைப் பார்க்கப் போவது

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். உங்கள் ஆள் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுவார் என்று வைப்போம். 4.30-க்குக் கிளம்பினால் 20-ஆவது கிலோமீட்டர் 6.50-க்கு, இங்கே டிசம்பரில் சூரியன் எழும்புவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். முடிப்பது 9.25 வாக்கில். கூட்டத்தில் பின்னால் நின்று கோட்டைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகும், கடைசிப் பத்து கிலோமீட்டரில் இந்த ஊர்ப் புழுக்கத்தில் யாருக்கும் வேகம் குறையும், ஆகவே பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நடுவழியில் ஒரு தடவை பார்க்கலாமா? பாதை ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வழியாகப் போனால் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் காத்தோங் பார்க் அல்லது மரின் பரேட் நிலையத்தில் இறங்கி, ஈசிபிக்கு அடியில் போகும் நடைபாதை வழியாகக் கடற்கரைக்குப் போகலாம். 2024-இல்தான் இந்த நிலையங்கள் திறந்தன, அதற்கு முன்னால் இதே வேலைக்குப் பஸ்ஸை நம்பித்தான் இருந்தோம். முதல் ரயிலே ஆறு மணி சுமாருக்குத்தான் என்பதால் ஏழு மணிக்கு முன்னால் அங்கே நிற்பது கஷ்டம். ஒரே இடத்தில் பார்த்தால் போதும் என்பவர்கள் நேராக முடிவுக் கோட்டுக்கே போய்விடுங்கள்.

சந்திக்கும் இடத்தை முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "முடிச்சதும் போன் பண்றேன்" என்பது நடக்காது, அவர் போன் பைகள் வைக்கும் கூடாரத்தில் இருக்கும், வரிசையில் நின்று அதை எடுக்கவே அரை மணி நேரம். பாடாங் பக்கம் முடிவதாக இருந்தால் நான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைச் சொல்வேன். வெள்ளைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும், சிட்டி ஹால் நிலையத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது. வாழைப்பழமும் மாற்றுச் சட்டையும் செருப்பும் கொண்டுபோங்கள். செருப்பு முக்கியம்.

இதே பாடம் மாரத்தானோடு முடிகிற விஷயமில்லை. எஃப் ஒன் பந்தயத்துக்கு இதே விரிகுடாச் சாலைகள் நாள்கணக்கில் மூடும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும், அன்றைக்கும் ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் இறங்கி நடப்பவர்தான் சீக்கிரம் போய்ச் சேருவார்.

மத்தியானத்துக்குப் பிறகு

சாலைகள் ஒரேயடியாகத் திறக்காது, ஒவ்வொன்றாகத் திறக்கும். லாரியில் இரண்டு பேர் ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வருவதைப் பார்த்தால் அந்தச் சாலைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வரும் என்று அர்த்தம். மெர்லயனுக்கு இப்போது போங்கள். மழை பிடித்தால் மறுபடி கீழே.

ஒரு விஷயம், திரும்பி வரும்போது சிட்டி ஹால் நிலையத்தில் கழுத்தில் பதக்கத்தோடு நிறையப் பேரைப் பார்ப்பீர்கள். சட்டையில் உப்புப் பூத்திருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக, ஒரு காலை வைத்து மறு காலை வைத்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். மின்தூக்கியை அவர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் மின்படியில் போங்கள், இடது பக்கம் ஒதுங்கி நின்று.